பெரிதாக்கினால் மறையும் தமிழ்

வலைப்பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்டால், "இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நம்மில் பலர் சிரிக்கக்கூடும். கணினியில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் போதும். கைப்பேசியில் இரு விரல்களை வைத்து விரித்தால் போதும். ஆங்கிலப் பக்கமென்றால் பெரும்பாலும் வேலை அத்துடன் முடிந்துவிடும். தமிழ்ப் பக்கமென்றால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஜொகூரில் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும், பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்றவள் நான். இடைநிலைப்பள்ளியில் கணினிப் பாடம் மலாய் மொழியில் நடந்தது. வலைப்பக்கம் அமைக்கும் பயிற்சிகளையும் மலாயில்தான் செய்தோம். மலாய்க்கு இன்று பெருவழக்கில் உள்ள ரூமி எழுத்து, ஆங்கிலத்துக்கும் உரிய அதே ரோமன் எழுத்துதான். ஆகவே ஆங்கிலத்துக்காகத் தைத்த சட்டை மலாய்க்கும் பொருந்திவிடும். அதே சட்டையைத் தமிழுக்கு மாட்டிப் பார்க்கும் வாய்ப்பு, சிங்கப்பூருக்குப் படிக்க வந்து காத்தோங்கில் ஓர் அறையில் வாடகைக்குத் தங்கிய பிறகே எனக்குக் கிடைத்தது. ஒரே அறிவிப்பு நான்கு மொழிகளிலும் வரும் நாடல்லவா இது! நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது புலப்பட்ட சில உண்மைகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

16 என்பது எதன் அளவு?

இன்றைய உலாவிகளில் நாம் எதையும் மாற்றாவிட்டால் சாதாரண எழுத்தின் அளவு 16 பிக்சல். இந்த 16 எதை அளக்கிறது? எழுத்தின் உயரத்தை என்றுதான் யாரும் நினைப்போம். அது சரியன்று.

அச்சுக்கூடங்களில் ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில், ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு ஈயக் கட்டையின் தலையில் வார்க்கப்பட்டிருக்கும். 'பன்னிரண்டு பாயிண்ட் எழுத்து' என்று சொன்னால் அது அந்தக் கட்டையின் அளவு. அதன்மேல் இருக்கும் எழுத்தின் உயரம் அன்று. கணினி வந்த பிறகு ஈயம் போயிற்று. கட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரமாக நின்றுவிட்டது. அந்தச் சதுரத்துக்கு 'எம்' என்று பெயர். 16 பிக்சல் என்பது அந்தச் சதுரத்தின் அளவு. அதற்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவை வடிவமைப்பவரின் முடிவு.

சொற்செயலியில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். விண்டோஸ் கணினிகளில் பழகிய 'லதா' எழுத்துருவில் ஒரு வரியைத் தட்டச்சிடுங்கள். அதே வரியை, அளவு எண்ணை மாற்றாமல், 'விஜயா' எழுத்துருவுக்கு மாற்றுங்கள். வரி சட்டெனச் சுருங்கிவிடும். எண் மாறவில்லை, எழுத்து சிறுத்துவிட்டது. எண்ணை மட்டும் பார்த்து "அளவு சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்வது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்தே விளங்கும்.

மேலும் கீழும் கை நீட்டும் எழுத்து

இப்போது நான்கு மொழிகளையும் அந்தச் சதுரத்துக்குள் வைத்துப் பார்ப்போம். சீன எழுத்து சதுரத்தை ஏறக்குறைய முழுதாக நிரப்பிவிடும். ஆங்கிலமும் மலாயும் பெரும்பாலும் சிற்றெழுத்துகளால் ஆனவை. சில எழுத்துகள் மேலே கொஞ்சம் நீளும், சில கீழே கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். அவற்றின் உருவமும் எளிமையானது. அளவு குறைந்தாலும் கண் அடையாளம் கண்டுகொள்கிறது.

தமிழ் எழுத்தின் கட்டமைப்பு வேறு. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் கற்றதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 'கி' என்பதில் மேல்விலங்கு உச்சிக்குப் போகிறது. 'கீ' என்பதில் அந்த விலங்கின் முனையில் ஒரு சுழியும் சேர்கிறது. மெய்யெழுத்துக்குத் தலைக்குமேல் புள்ளி வேண்டும். 'பு', 'சு', 'வு' ஆகியவை கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன; 'மூ', 'ளூ' போன்றவை பக்கவாட்டிலும் வளைகின்றன. 'கொ', 'கோ' என்றால் ஒரே ஒலிக்கு மூன்று உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. இத்தனைக்கும் சதுரத்தில் இடம் விட வேண்டுமானால் நடுவிலுள்ள 'க'வும் 'ம'வும் சிறுக்கத்தான் வேண்டும். ஆகவேதான் 16 பிக்சல் ஆங்கிலம் வசதியாகப் படிக்க வருகிறது; பல எழுத்துருக்களில் 16 பிக்சல் தமிழ் கண்ணைச் சுருக்க வைக்கிறது.

எழுத்து சிறுத்தால் அழகு குறையும் என்பதோடு நின்றால் கவலையில்லை. நம் மொழியில் பொருளே ஒரு சுழியில் தொங்குகிறது. 'விடு' என்பதற்கும் 'வீடு' என்பதற்கும் வேறுபாடு ஒரு சுழி. 'கொடு' என்பதற்கும் 'கோடு' என்பதற்கும், 'பெறு' என்பதற்கும் 'பேறு' என்பதற்கும் வேறுபாடு ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பது மட்டுமே. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடோ அடியிலுள்ள ஒரு சிறு சாய்கோடு. இவையெல்லாம் திரையில் ஓரிரு பிக்சல்களுக்குள் அடங்கிவிடும் நுணுக்கங்கள்.

ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும் என்பதால் பழைய ஏடுகளில் புள்ளியிடாமலே எழுதிச் சென்றார்கள் என்று படித்திருக்கிறோம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இன்றுள்ள வடிவ வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வதும் நாம் அறிந்ததே. படிப்பவர் ஊகித்துப் படிக்க வேண்டியிருந்த நிலையை மாற்ற நம் முன்னோர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அவர்கள் சேர்த்த புள்ளியையும் கொம்பையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கிவிட்டால், நாம் மீண்டும் ஊகித்துப் படிக்கும் காலத்துக்கே போய்விடுகிறோம் அல்லவா?

தரங்கம்பாடியில் சுருங்கிய எழுத்து

தமிழ் எழுத்தைச் சிறிதாக்கியதற்கு வரலாற்றில் நியாயமான காரணமும் இருந்தது. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. சீகன்பால்குவும் அவருடைய குழுவினரும் அவற்றைக் கொண்டு அச்சுப் பணியைத் தொடங்கினர். ஆனால் அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் ஒரு நூலை அச்சிட்டால் காகிதம் ஏராளமாகச் செலவாகும். காகிதமோ கடல் கடந்து வர வேண்டிய அரும்பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது.

அன்று எழுத்தின் அளவைத் தீர்மானித்தது காகிதத்தின் விலை. அதன் பிறகும் நாளிதழாக இருந்தாலும் பாடநூலாக இருந்தாலும், எத்தனை பக்கம், எவ்வளவு செலவு என்ற கணக்குத்தான் எழுத்தின் அளவை முடிவு செய்தது. அச்சான பிறகு வாசகர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: கண்ணாடி போட்டுக்கொள்வது.

இணையம் வந்தபோது இந்தக் கணக்கே மாறியது. திரையில் பத்தி நீண்டால் காகிதம் செலவாவதில்லை. எழுத்தின் அளவை அச்சகம் முடிவு செய்யத் தேவையில்லை. படிப்பவரே முடிவு செய்யலாம். ஓலைக்கும் காகிதத்துக்கும் இல்லாத இந்தப் பெருமை திரைக்கு உண்டு. இந்த வாய்ப்பைத் தமிழ் வாசகருக்கு நாம் முழுமையாகக் கொடுத்திருக்கிறோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உண்ணலாமா, கூடாதா?

காத்தோங்கைப் பலரும் லக்சாவுக்காகவும் பெரனாக்கான் கடைவீடுகளுக்காகவும் அறிவார்கள். அங்கே சிலோன் சாலையில் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய அந்த ஆலயத்தைச் சுற்றி இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வந்திருக்கின்றன. நான் தங்கியிருக்கும் வீட்டு ஆச்சியும் அத்தகைய ஒரு குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மணமாகி வந்தவர். எண்பதைத் தாண்டியவர். ஆங்கிலம் கொஞ்சம் பேசுவார், படிப்பதெல்லாம் தமிழில்தான். பேரன் வாங்கிக் கொடுத்த கைக்கணினியில் காலையில் செய்தி படித்த பிறகுதான் அவருக்குத் தேநீர்.

ஒருநாள் இரத்தப் பரிசோதனைக்கான முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அது எந்த மருந்தகத்தின் பக்கம் என்பது இங்கே முக்கியமில்லை. நான்கு மொழிகளிலும் குறிப்புகள் இருந்தன.

"பிள்ளை, தமிழ் இருக்குது. எழுத்துத்தான் எறும்பு மாதிரிக் கிடக்கு" என்றார்.

அமைப்புகளுக்குப் போய் எழுத்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தேன். அவர் உரக்கப் படித்தார்: "பரிசோதனைக்கு முந்திய இரவு பத்து மணிக்குப் பிறகு உணவு உண்ணக்..." அத்தோடு நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உண்ணக் கூடுமோ, கூடாதோ? அதை எங்க விட்டவை?"

எட்டிப் பார்த்தேன். வாக்கியம் ஒரு பெட்டிக்குள் இருந்தது. எழுத்து பெரிதானதும் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. பெட்டியோ இறங்கவில்லை. அதன் உயரம் முன்பே கட்டிவைக்கப்பட்டது. 'கூடாது' என்ற சொல் பெட்டிக்கு அடியில் மறைந்து கிடந்தது. ஆங்கிலப் பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் கடைசிச் சொற்கள் மறைந்துதான் இருந்தன. ஆனால் 'டூ நாட் ஈட்' என்ற முதல் மூன்று சொற்கள் பளிச்சென்று நின்றன.

இதில்தான் நம் மொழியின் இயல்பு வருகிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் நிற்கும். 'உண்ணலாம்', 'உண்ண வேண்டும்', 'உண்ணக் கூடாது' ஆகிய மூன்றும் கடைசி வரை ஒரே மாதிரி நடந்து வந்து, வாசலில்தான் பிரிகின்றன. அனுமதியா, கட்டளையா, தடையா என்பதைக் கடைசிச் சொல்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் வாலை வெட்டினால் விவரம் கொஞ்சம் குறையும். தமிழில் வாலை வெட்டினால் உயிரே போய்விடும். வரியின் முடிவில் மூன்று புள்ளி வைத்து மீதியை மறைக்கும் பக்கங்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அந்தப் பழக்கம் ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்து வந்தது. தமிழுக்கு அது ஆகாது.

அன்று நான் வீட்டில் இருந்தேன், படித்துச் சொன்னேன். நான் வகுப்பில் இருந்திருந்தால் ஆச்சி என்ன செய்திருப்பார்? சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் பரிசோதனை வேறொரு நாளுக்குத் தள்ளிப்போயிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தன் காரியத்தைத் தானே படித்துப் பார்த்துச் செய்துகொள்ளும் ஒருவரை, யாராவது வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருப்பவராக ஆக்கிவிடுகிறோம். அவர் மொழியில் எழுதி வைத்துவிட்டே அப்படி ஆக்குகிறோம்!

இது ஆச்சிக்கு மட்டுமான குறையும் அன்று. நாற்பது வயதைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லாருக்கும் வெள்ளெழுத்து வரும். அருகில் உள்ளதைப் படிக்கக் கண் சிரமப்படும். இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் பலர் இதை இப்போது கையைச் சற்று நீட்டிப் பிடித்துத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பெட்டி ஏன் வளரவில்லை?

பக்கத்தை அமைப்பவர் அளவுகளை இரண்டு விதமாகக் குறிக்கலாம். ஒன்று நிலையான அளவு: "எழுத்து 12 பிக்சல், பெட்டியின் உயரம் 40 பிக்சல்" என்று எழுதி வைப்பது. மற்றொன்று சார்பளவு: "வாசகர் வைத்திருக்கும் அளவைப்போல் ஒன்றேகால் மடங்கு", "எழுத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு வரியிடைவெளி" என்று எழுதுவது. இதற்குத்தான் முன்பு சொன்ன 'எம்' என்ற அலகும் விழுக்காடும் பயன்படுகின்றன. சார்பளவில் அமைத்த பக்கத்தில் எழுத்து வளர்ந்தால் பெட்டியும் வளரும், இடைவெளியும் வளரும். நிலையான அளவில் அமைத்தால் ஒன்று வளரும், மற்றொன்று வளராது, இரண்டும் மோதிக்கொள்ளும்.

இச்சிக்கலுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 2001இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவியில் எழுத்தின் அளவை மாற்ற ஐந்து படிநிலைகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. பக்கத்தை அமைத்தவர் பிக்சலில் அளவு குறித்திருந்தால் அந்தப் பட்டியல் வேலை செய்யாது. அதனால்தான் பல தளங்களில் பக்கத்தின் மூலையில் சிறிதும் பெரிதுமாக மூன்று 'ஏ' எழுத்துகளை வைக்கும் வழக்கம் பரவியது. 2006இல் வந்த அதன் 7ஆம் பதிப்பில் முழுப் பக்கத்தையும் பெரிதாக்கும் வசதி வந்தது. 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவியும் அதைக் கொண்டுவந்தது.

முழுப் பக்கத்தையும் பெரிதாக்குவது வேறு, எழுத்தை மட்டும் பெரிதாக்குவது வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவதில் படம், பெட்டி, எழுத்து எல்லாம் சேர்ந்து வளரும். ஆனால் பக்கம் திரையைவிட அகலமாகிவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டும். இரண்டாவதில் பக்கம் அதே அகலத்தில் இருக்கும்; ஆனால் வளராத பெட்டிகளுக்குள் எழுத்து சிக்கிக்கொள்ளும். ஆச்சிக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது.

தமிழ்ச் சொற்களின் நீளமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாக நிற்பது தமிழில் 'பதிவுசெய்துகொள்ளலாம்' என்று ஒரே சொல்லாக நிற்கும். இடைவெளி இருந்தால்தான் உலாவி வரியை மடிக்கும். இடைவெளி இல்லாத நீண்ட சொல் பெரிதானால் பொத்தானை விட்டு வெளியே நீட்டிக்கொள்ளும், அல்லது பாதியில் வெட்டுப்படும். வரிகளுக்கு இடையே இடம் போதாவிட்டாலோ மேல்வரியின் 'பு' கீழ்வரியின் 'கீ'யோடு உரசும்.

இவற்றைத் தவிர்ப்பதற்கு உலக அளவில் விதிமுறைகள் இருக்கின்றன. டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.0 பதிப்பு, எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ பயன்பாடோ குறையக் கூடாது என்கிறது. 2018இல் வந்த 2.1 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்கிறது. வரியிடைவெளியை எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்காக வாசகர் கூட்டினாலும் பக்கம் தாங்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. விதி எல்லா மொழிக்கும் பொது. ஆனால் பக்கத்தைச் சோதிப்பவர்கள் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிவிட்டால், தமிழ்ப் பக்கத்தில் உள்ள குறை யார் கண்ணிலும் படாது.

படமாகிப் போன தமிழ்

எந்த விதியாலும் காப்பாற்ற முடியாத ஒரு தமிழும் உண்டு. அது படமாக ஒட்டப்பட்ட தமிழ்.

சிங்கப்பூருக்குத் தமிழ் இணைய வரலாற்றில் தனியிடம் உண்டு என்பதை நாம் அறிவோம். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் கொண்ட இணையத்தளத்தை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது. 2000இல் உத்தமம் அமைப்பு உருவானதும் இங்கேதான். எங்கள் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருளும், ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்ற அவருடைய தமிழ் எழுத்துருக்களும் இவ்வரலாற்றில் சேர வேண்டியவை.

அந்தத் தொடக்க காலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துருவை நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாவிட்டால் திரையில் ஏதேதோ குறிகள்தான் தெரியும். அதனால் பலர் தமிழைப் படமாக்கி ஒட்டினார்கள். அன்று அதற்குக் காரணம் இருந்தது. 1991இல் யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 தமிழ் யுனிகோட்டை ஏற்றது. இன்று கையிலுள்ள எந்தத் திறன்பேசியிலும் தமிழ் தானாகத் தெரிகிறது. ஆயினும் படம் போகவில்லை. அறிவிப்பு, அழைப்பிதழ், போட்டி விதிமுறை, பேருந்து புறப்படும் நேரம் எல்லாம் இன்னும் படமாகவே வருகின்றன.

படத்திலுள்ள எழுத்துக்குக் கருவியில் வைத்துள்ள எழுத்தளவு பொருந்தாது. விரலால் விரித்தால் மங்கும்; வரி மடியாது; தேடினால் கிடைக்காது; பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது பெரும்பாலும் எழுத்தாகவே தோன்றாது. யுனிகோட்டுக்காகப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்றதை, நாம் ஒரு நொடியில் படமாக்கித் தூக்கி எறிகிறோம்.

வாசகர்கள் செய்யக்கூடியவை

வீட்டிலுள்ள பெரியவர்களின் கருவிகளை எடுத்து, பத்து நிமிடம் செலவழித்து, இவற்றைச் செய்து கொடுங்கள்.

ஒன்று: ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதி உண்டு. அங்கே எழுத்தின் அளவைக் கூட்டலாம். இது கருவி முழுவதற்கும், அந்த அளவை மதிக்கும் செயலிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இரண்டு: கணினியில் கண்ட்ரோல் விசையும் கூட்டல் குறியும் பெரிதாக்கும், கழித்தல் குறி சிறிதாக்கும், சுழியம் பழைய அளவுக்குக் கொண்டுவரும். மேக் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை.

மூன்று: சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் முதலிய உலாவிகளில் கட்டுரைகளைப் படிக்க 'வாசிப்பு முறை' உண்டு. பெட்டிகளையும் விளம்பரங்களையும் நீக்கி எழுத்தை மட்டும் காட்டும். பெட்டிக்குள் மறைந்த சொல் பல நேரங்களில் அங்கே வெளிப்பட்டுவிடும்.

நான்கு: ஃபயர்ஃபாக்ஸின் கணினிப் பதிப்பில் எழுத்துரு அமைப்புகளுக்குள் சென்றால் மொழிவாரியாக அளவு வைக்கலாம். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 16, தமிழுக்கு 20 என்று தனித்தனியே வைக்கலாம். இதற்குக் குறையக் கூடாது என்று சிற்றளவையும் வரையறுக்கலாம்.

பக்கம் அமைப்போர் செய்ய வேண்டியவை

நம் மாணவர்களில் பலர் இன்று ஏதோ ஓர் அமைப்பின் பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறார்கள். நாளை நிறுவனங்களிலும் அரசாங்க அமைப்புகளிலும் அதே வேலையைச் செய்யப்போகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து வேண்டுகோள்கள்.

முதலாவது, தமிழ்ப் பகுதிக்கு 'இது தமிழ்' என்று மொழிக்குறி இடுங்கள். மேலே சொன்ன மொழிவாரி அமைப்பு வேலை செய்வதற்கும், உரக்கப் படிக்கும் மென்பொருள் சரியான குரலைத் தேர்வதற்கும் இக்குறி தேவை. இரண்டாவது, அந்தக் குறியைக் கொண்டு தமிழ் எழுத்தை ஆங்கிலத்தைவிடப் பத்து அல்லது பதினைந்து விழுக்காடு பெரிதாக்குங்கள். எவ்வளவு என்பது எழுத்துருவைப் பொறுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். மூன்றாவது, எழுத்துக்கும் இடைவெளிக்கும் சார்பளவையே கொடுங்கள். தமிழுக்கு வரியிடைவெளி ஒன்றரை மடங்குக்குக் குறைய வேண்டாம். நான்காவது, எழுத்துள்ள எந்தப் பெட்டிக்கும் உயரத்தைக் கட்டிப்போடாதீர்கள். வாக்கியத்தின் முடிவை மூன்று புள்ளியால் மறைக்காதீர்கள். ஐந்தாவது, கைப்பேசியில் விரலால் விரிப்பதைத் தடுக்காதீர்கள். இப்படித் தடுக்கும் பக்கங்கள் பெருகியதால்தான் 2016இல் வந்த ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி உலாவி அத்தடையைப் பொருட்படுத்துவதில்லை. உலாவியே மீறும் அளவுக்கு ஒரு விதியை நாம் ஏன் எழுத வேண்டும்?

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பக்கத்தைத் தொடங்கும்போதே செய்தால் அரைநாள் வேலை. தமிழுக்காகச் செய்யும் இம்மாற்றம் மற்ற மொழிகளைப் படிப்போருக்கும் நன்மையே தரும். நெல்லுக்கு இறைக்கும் நீர் வரப்புக்கும் பாய்வதுபோல!

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்

தமிழுக்கு இடம் வேண்டும் என்று நாம் கேட்பது வழக்கம். அறிவிப்புப் பலகையில் தமிழ் இருக்கிறதா, இணையத்தளத்தில் தமிழ் இருக்கிறதா என்று பார்க்கிறோம்; இருந்தால் மகிழ்கிறோம். இருப்பது வேறு, படிக்க முடிவது வேறு. நான்கு மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கிறது என்று கணக்குக் காட்டுவதற்காக அந்த எழுத்துகள் அங்கே இல்லை. ஆங்கிலம் படிக்க இயலாத ஒருவர் நம்பிப் படிப்பதற்காகவே இருக்கின்றன. அவர் படிக்க முடியாவிட்டால் அங்கே தமிழ் இருந்தும் இல்லாததுதான்.

பிறரைக் குறை சொல்வதற்குமுன் நம் கழகத்தின் கதவைத் திறந்து பார்ப்போம். நம் அடுத்த நிகழ்ச்சிக்கான அறிவிப்பு அழகான படமாக வரட்டும், தடையில்லை. அதனோடு நாள், நேரம், இடம், தொடர்பு ஆகிய நான்கையும் தட்டச்சிட்ட தமிழில் கீழே சேர்த்து அனுப்புவோம். நம் பக்கத்தை வெளியிடும் முன் செயற்குழுவில் ஒருவர் எழுத்தை 200 விழுக்காடாக்கி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லும் தெரிகிறதா என்று பார்க்கட்டும். 'வரலாம்' என்பதா, 'வர வேண்டும்' என்பதா, 'வர இயலாது' என்பதா என்று தெளிவாகத் தெரிந்தால் பக்கத்தை வெளியிடலாம்.